நுரையீரலுக்குள் புரதம் கசிவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்தாரும், அங்கே புதிதாக வேலைக்கு வரும் செவிலியரும் இளம் மருத்துவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை விட்டிருக்கிறோம். முற்பகுதி குடும்பத்தாருக்கு, போகப் போக நுணுக்கம் கூடும். ஒரு குறிப்பிட்ட நோயாளிக்கு எது பொருந்தும் என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

“நுரையீரல்ல புரதம் கசியுதுன்னு சொல்றாங்க. அப்படின்னா என்ன?”

ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மா வெறும் தண்ணீர் அல்ல. அதன் 100 மி.லி.யில் 6 முதல் 8 கிராம் புரதம் கரைந்திருக்கிறது. அதில் பெரும்பங்கு ஆல்புமின். ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன், நோயை எதிர்க்கும் குளோபுலின்கள் ஆகியவையும் உண்டு. இவை ரத்தக்குழாய்க்குள் இருந்து வேலை செய்ய வேண்டியவை.

நுரையீரலில் சுமார் 48 கோடி நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் நுண்குழாய் வலை சுற்றியிருக்கிறது. காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவிலுள்ள சுவர், மெல்லிய இடங்களில் 0.2 முதல் 0.3 மைக்ரான் கனமே. கடுமையான தொற்றிலோ காயத்திலோ இந்தச் சுவர் பழுதானால் பிளாஸ்மா புரதத்தோடு சேர்ந்து காற்றறைக்குள் இறங்கிவிடுகிறது. காற்று இருக்க வேண்டிய இடத்தைக் கெட்டியான திரவம் பிடித்துக்கொள்கிறது. இந்த நிலைக்குத்தான் ஏ.ஆர்.டி.எஸ். (கடுமையான மூச்சுத்திணறல் நோய்க்குறி) என்று பெயர். 1967-இல் ஆஷ்பா, பெட்டி உள்ளிட்ட அமெரிக்க மருத்துவர்கள் 12 நோயாளிகளை வைத்து இதை முதலில் விவரித்தார்கள்.

“அப்போ புரதச் சத்துள்ள சாப்பாட்டை நிறுத்திடணுமா?”

வேண்டாம். கசிவது நோயாளியின் சொந்தப் பிளாஸ்மா புரதம். சாப்பாட்டின் புரதம் நேராக நுரையீரலுக்குப் போவதில்லை. புரதத்தைக் குறைத்தால் கசிவு குறையாது, தசைதான் கரையும். மூச்சுத்தசை கரைந்தால் வென்டிலேட்டரிலிருந்து விடுபடுவது தள்ளிப்போகும்.

தீவிர சிகிச்சையில் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 2 கிராம் புரதம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் அளவு. முதல் நாளே முழு அளவை ஏற்றாமல், சில நாட்களில் படிப்படியாகக் கூட்டுவார்கள். சிறுநீரகம் பழுதான நோயாளிக்கு அளவு மாறும்.

“இதயம் பலவீனமானாலும் நுரையீரல்ல தண்ணி கோத்துக்குமே, அதுதானே இது?”

எக்ஸ்ரேயில் இரண்டும் வெள்ளையாகத்தான் தெரியும். நடப்பது வேறு. இதயம் பலவீனமாகும்போது நுண்குழாய்க்குள் அழுத்தம் ஏறி, நல்ல சுவர் வழியாகத் தண்ணீர் பிதுங்கி வெளியே வருகிறது. பெரிய மூலக்கூறான புரதத்தைச் சுவர் பெரும்பாலும் தடுத்துவிடும். அழுத்தத்தை இறக்கி, சிறுநீர் போகும் மருந்து கொடுத்தால் பலருக்கு ஓரிரு நாளில் தெளிந்துவிடுகிறது.

ஏ.ஆர்.டி.எஸ்.ஸில் அழுத்தம் சரியாக இருக்கும்போதே கசியும். நுரையீரல் நுண்குழாய்க்குள் அழுத்தம் சாதாரணமாக 10 மி.மீ. பாதரசத்தை ஒட்டியே இருக்கிறது. பிளாஸ்மா புரதம் தண்ணீரைத் தன் பக்கம் பிடித்திழுக்கும் விசை சுமார் 25 மி.மீ. இந்த இழுப்புதான் நுரையீரல் நனையாமல் இருக்க ஒரு முக்கியக் காரணம். புரதமே சுவரைத் தாண்டி மறுபக்கம் போய்விட்டால் இழுப்பும் அதனோடு போய்விடும். அப்புறம் சாதாரண அழுத்தமே நுரையீரலை நிரப்பப் போதும்.

இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் மணிக்கணக்கில் வெளியேறும், புரதம் நாள்கணக்கில் தங்கும். பின்னால் வரும் பல பதில்கள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

“நல்லா இருந்த சுவர் எதனால ஓட்டையாகுது?”

நிமோனியா, உடல் முழுக்கப் பரவிய தொற்று, வயிற்றிலுள்ளது மூச்சுக்குழாயில் ஏறுவது, கணைய அழற்சி, பெரிய விபத்துக்காயம் ஆகியவை முக்கியக் காரணங்கள். அரிதாக, ரத்தம் ஏற்றிய 6 மணி நேரத்துக்குள்ளும் வரலாம்.

சுவரில் இரண்டு அடுக்குகள் உண்டு. ரத்தப் பக்கத்து அடுக்கு கொஞ்சம் கசியக்கூடியது; காற்றுப் பக்கத்து அடுக்கு மிகவும் இறுக்கமானது. ரத்தப் பக்கத்து அடுக்கு மட்டும் பழுதானால் திரவம் இரண்டுக்கும் நடுவே தேங்கும், நிணநீர்க் குழாய்கள் அதை வடித்துவிடப் பார்க்கும். காற்றுப் பக்கத்து அடுக்கும் உடையும்போதுதான் காற்றறை மூழ்குகிறது. நிமோனியா காற்றுப் பக்கத்திலிருந்து தாக்குகிறது, உடல் முழுக்கப் பரவிய தொற்று ரத்தப் பக்கத்திலிருந்து தாக்குகிறது. எந்தப் பக்கத்தில் தொடங்கினாலும் வெள்ளை அணுக்கள் கூடி, அவை கக்கும் நொதிகளும் வேதிப்பொருள்களும் செல்களுக்கு இடையிலான இணைப்புகளைத் தளர்த்துகின்றன. அதனால்தான் மூலக் காரணத்தை, குறிப்பாகத் தொற்றை, அடக்காமல் கசிவை மட்டும் அடைக்க முடியாது.

“புரதம் உடம்புல இருக்கற பொருள்தானே? உள்ள வந்தா அப்படி என்ன கெடுதல்?”

காற்றறையின் உட்புறத்தில் சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பான படலம் இருக்கிறது. சுத்தமான நீரின் பரப்பு இழுவிசை சுமார் 70 அலகு என்றால், மூச்சை வெளிவிடும் நேரத்தில் இந்தப் படலம் அதைக் கிட்டத்தட்டப் பூச்சியத்துக்கு இறக்கிவிடுகிறது. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு மூச்சின் முடிவிலும் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளும். ஆல்புமினும் ஃபைப்ரினோஜனும் உள்ளே வந்ததும் அந்தப் பரப்பில் இடம் பிடித்து சர்ஃபாக்டன்டை ஒதுக்கிவிடுகின்றன. அதைச் சுரக்கும் இரண்டாம் வகைச் செல்களும் அதே நேரத்தில் சேதமாகியிருக்கும். ஆகவே இருப்பது வேலை செய்வதில்லை, புதியது போதுமான அளவு வருவதுமில்லை. நுரையீரல் விறைத்துப் போகிறது.

அடுத்தது உறைதல். காயம்பட்ட காற்றறைக்குள் ஃபைப்ரினோஜன், ரத்தம் உறைவதைப் போலவே ஃபைப்ரின் இழைகளாக மாறுகிறது. அதைக் கரைக்கும் இயல்பான ஏற்பாடும் இந்த நோயில் முடங்கியிருக்கும். இழைகளும் செத்த செல்களின் துகள்களும் சேர்ந்து காற்றறையின் உட்சுவரில் கண்ணாடிபோன்ற படலமாகப் படிகின்றன. நோய்க்குறியியல் நிபுணர்கள் இதை ஹயலின் படலம் என்கிறார்கள்.

மூழ்கிய, சுருங்கிய அறைகளைச் சுற்றி ரத்தம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆக்சிஜனைத் தொடாமலேயே அது திரும்பிவிடுகிறது. 100 சதவீத ஆக்சிஜன் கொடுத்தும் அளவு ஏறவில்லையே என்று குடும்பத்தார் தவிப்பதற்குக் காரணம் இதுதான். காற்றே போகாத அறைக்கு எவ்வளவு ஆக்சிஜன் அனுப்பினாலும் அது போய்ச்சேராது.

“ட்யூப் வழியா உறிஞ்சி எடுத்துட முடியாதா?”

உறிஞ்சும் குழாய் மூச்சுக்குழாயையும் பெரிய கிளைகளையும் தாண்டிப் போகாது. திரவம் இருப்பது இருபதுக்கும் மேற்பட்ட கிளைப்பிரிவுகளுக்கு அப்பாலுள்ள அறைகளில். உறிஞ்சினால் குழாயில் ஏறிவந்த சளியும் நுரையும்தான் வரும்.

அடிக்கடி உறிஞ்சுவது கெடுதலும் கூட. மூச்சின் முடிவில் அறைகளைத் திறந்து வைக்க வென்டிலேட்டர் கொடுக்கும் அழுத்தத்தை பீப் என்போம். உறிஞ்சுவதற்காக வென்டிலேட்டர் குழாயைக் கழற்றிய நொடியில் பீப் போய்விடும். பாடுபட்டுத் திறந்த அறைகள் மூடிக்கொள்ளும். ஆக்சிஜன் அளவு சரிந்து, மீண்டு வர வெகுநேரம் எடுக்கும். அதனால் வென்டிலேட்டரைக் கழற்றாமலே உறிஞ்ச உதவும் மூடிய உறிஞ்சு அமைப்பைப் பயன்படுத்துங்கள். மணிக்கொரு முறை என்று வைக்காமல், சளிச் சத்தம் கேட்டாலோ அழுத்தம் ஏறினாலோ மட்டும் உறிஞ்சுங்கள். ஒரு தடவைக்கு 15 வினாடிக்கு மேல் வேண்டாம்; உறிஞ்சு அழுத்தம் 200 மி.மீ. பாதரசத்துக்குள் இருக்கட்டும். வென்டிலேட்டரை மாற்ற நேர்ந்தால், கழற்றும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் மூச்சுக்குழாய் ட்யூபைக் கிளாம்ப் போட்டு அடைத்துக்கொண்டு மாற்றுங்கள்.

“இன்னொருத்தருக்கு நெஞ்சுல ஊசி போட்டு எடுத்தாங்களே?”

அது நுரையீரலுக்கு வெளியே, அதைச் சுற்றிய உறைக்குள் சேர்ந்த நீர். ஒரே குளமாகத் தேங்கியிருக்கும், ஊசிக்கு எட்டும். இங்கே திரவம் கோடிக்கணக்கான அறைகளில் சிதறிக் கிடக்கிறது.

“எவ்வளவு மோசம்னு எதை வெச்சு சொல்றாங்க?”

தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தத்தை, கொடுக்கும் ஆக்சிஜனின் பங்கால் வகுக்கிறார்கள். இதுவே பி/எஃப் விகிதம். 50 சதவீத ஆக்சிஜனில் அழுத்தம் 80 மி.மீ. பாதரசம் என்றால் 80-ஐ 0.5-ஆல் வகுக்க 160 வரும். நன்றாக இருப்பவருக்கு இது 400-க்கு மேல் இருக்கும். 2012-இன் பெர்லின் வரையறைப்படி 200-க்கு மேல் 300 வரை லேசானது, 100-க்கு மேல் 200 வரை நடுத்தரம், 100-ம் அதற்குக் கீழும் கடுமையானது. பீப் குறைந்தது 5 செ.மீ. நீரழுத்தம் இருக்கும்போது கணக்கிட வேண்டும். 2023-இல் வந்த புதிய வரையறை, விரலில் மாட்டும் கருவியின் அளவையும் ஏற்றுக்கொள்கிறது. அந்த அளவு 97 சதவீதத்துக்கு மேல் இருந்தால் கணக்கு சரிவராது.

இந்த எண் புரதக் கசிவை நேராக அளப்பதில்லை, அதன் விளைவைத்தான் காட்டுகிறது.

“அவர் 85 கிலோ. மெஷின்ல ஏன் இவ்வளவு கம்மியா காத்து கொடுக்கறாங்க?”

நுரையீரலின் அளவு உயரத்தைப் பொறுத்தது, எடை கூடினால் அது வளர்வதில்லை. ஆகவே உயரத்திலிருந்து கணிக்கும் எடையை எடுக்க வேண்டும். ஆணுக்கு: செ.மீ.யில் உயரத்திலிருந்து 152.4-ஐக் கழித்து, 0.91-ஆல் பெருக்கி, 50-ஐக் கூட்டவும். பெண்ணுக்கு 50-க்குப் பதில் 45.5. உயரம் 170 செ.மீ. உள்ள ஆணுக்கு 66 கிலோ வரும். கிலோவுக்கு 6 மி.லி. வீதம் ஒரு மூச்சுக்கு சுமார் 400 மி.லி. தராசு காட்டும் 85 கிலோவை வைத்துக் கணக்கிட்டால் 510 மி.லி. ஆகிவிடும். நடைமுறையில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான். நாடாவை எடுத்து உயரத்தை அளந்துவிடுங்கள், கண்ணளவு போதாது.

இந்த நுரையீரலில் காற்று வாங்கும் பகுதி கொஞ்சமே மிஞ்சியிருக்கும். முழு மூச்சையும் அதற்குள் திணித்தால் நல்ல சுவர்களும் இழுபட்டுக் கசியத் தொடங்கும். அதாவது வென்டிலேட்டரே புரதக் கசிவை உண்டாக்க முடியும். அமெரிக்காவில் 861 பேரை வைத்து நடந்து 2000-இல் வெளியான ஆய்வில் கிலோவுக்கு 12 மி.லி. வாங்கியவர்களில் 39.8 சதவீதம் பேரும், 6 மி.லி. வாங்கியவர்களில் 31 சதவீதம் பேரும் இறந்தார்கள். மூச்சை உள்ளே நிறுத்திப் பார்க்கும் அழுத்தமும் 30 செ.மீ. நீரழுத்தத்தைத் தாண்டக்கூடாது. இதனால் கார்பன் டை ஆக்சைடு ஓரளவு ஏறினால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளலாம். மூளைக்குள் அழுத்தம் கூடியவர்களுக்கு மட்டும் அப்படி விட முடியாது.

“குப்புறப் படுக்க வைக்கறது தண்ணி வடியறதுக்காகவா?”

இல்லை, திரவம் அப்படி வடியாது. மல்லாந்து படுக்கும்போது முதுகுப் பக்கத்து நுரையீரல், இதயத்தின் எடையாலும் வயிற்றின் அழுத்தத்தாலும் நனைந்த நுரையீரலின் சொந்தப் பாரத்தாலும் நசுங்கியிருக்கும். ரத்தம் அதிகம் ஓடுவதும் அங்கேதான். கவிழ்த்தால் அந்தப் பகுதி விரிகிறது. இழுவிசை சமமாகப் பரவுவதால் சுவர்க் காயமும் குறைகிறது. 2013-இல் பிரான்சிலும் ஸ்பெயினிலும் 466 கடுமையான நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், நாளுக்குக் குறைந்தது 16 மணி நேரம் கவிழ்த்ததில் 28 நாள் இறப்பு 32.8-இலிருந்து 16 சதவீதமாகக் குறைந்தது. ஒரு மணி நேரம் கவிழ்த்துப் பார்த்துத் திருப்பிவிடுவதில் இந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது.

“சலைனைக் குறைச்சிட்டாங்க. உடம்பு காஞ்சிடாதா?”

ஓட்டையான சுவரில் அழுத்தம் சற்று ஏறினாலும் கசிவு பல மடங்காகும். 2006-இல் வந்த, 1000 பேர் பங்கேற்ற ஆய்வில் திரவத்தை இறுக்கிப் பிடித்த குழுவுக்கு ஏழு நாள் வரவு செலவு கிட்டத்தட்டச் சமம். தாராளமாகக் கொடுத்த குழுவில் ஏழு லிட்டர் உடம்பில் தங்கியது. இறப்பு விகிதத்தில் வேறுபாடு நிரூபணமாகவில்லை, ஆனால் இறுக்கிப் பிடித்தவர்கள் வென்டிலேட்டரிலிருந்து முன்னதாக விடுபட்டார்கள். ரத்த அழுத்தம் விழுந்து கிடக்கும் முதல் மணிகளுக்கு இது பொருந்தாது. அப்போது உறுப்புகளுக்கு ரத்தம் போவதே முதல் வேலை. அது நிலைப்பட்ட பிறகுதான் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

“ரத்தத்துல ஆல்புமின் 2 தான். ஆல்புமின் பாட்டில் போட்டா தண்ணியை இழுத்துக்காதா?”

சுவர் நன்றாக இருந்தால் இழுக்கும். சுவர் ஒழுகும்போது ஏற்றியதில் ஒரு பகுதி மறுபக்கம் போய், அங்கிருந்து தண்ணீரை இழுக்கக்கூடும். ஆல்புமினோடு, சிறுநீர் போகும் மருந்தான ஃபுரோசமைடும் சேர்த்துக் கொடுத்த சிறிய ஆய்வுகளில் ஆக்சிஜன் நிலை மேம்பட்டது, உயிரிழப்பு குறைந்ததாக நிரூபணமாகவில்லை. எனவே எல்லோருக்கும் போடும் மருந்தாக இதைக் கொள்ளக்கூடாது.

ஆல்புமின் குறைவு மட்டுமே நுரையீரலை நிரப்பாது. சிறுநீரில் புரதம் ஒழுகும் நோயில் அளவு 100 மி.லி.க்கு 2 கிராமுக்குக் கீழே போய்க் கால் முகமெல்லாம் வீங்கினாலும், காற்றறைகள் பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். ரத்தத்தில் குறையும்போது திசு இடுக்கிலும் புரதம் குறைவதால் இழுப்பின் வேறுபாடு அவ்வளவாக மாறுவதில்லை.

“கசிஞ்ச திரவத்துல புரதத்தை அளக்கணும்னா எப்படி எடுக்கறது?”

மூச்சுக்குழாயில் ட்யூப் போட்டதும், தாமதிக்காமல். 14 பிரெஞ்சு (குழாயின் தடிமனைச் சொல்லும் அலகு) உறிஞ்சு குழாயை ட்யூப் வழியே, மேலும் போகாமல் சிக்கும் வரை மெதுவாக இறக்கி, சலைன் விடாமல், மென்மையாக உறிஞ்சிச் சேகரிப்புக் குப்பியில் பிடியுங்கள். அதே நேரத்தில் ரத்தமும் எடுங்கள். திரவத்தைச் சுழற்றித் தெளிவை எடுத்து, இரண்டிலும் மொத்தப் புரதம் பாருங்கள். திரவத்தில் 4.8 கிராம், பிளாஸ்மாவில் 6 என்றால் விகிதம் 0.8. பொதுவாக 0.65-க்குக் கீழே அழுத்தத்தால் வந்தது, அதற்கு மேலே சுவர் பழுதால் வந்தது. நெஞ்சு உறை நீருக்குப் பயன்படும் 0.5 என்ற எல்லையை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சலைன் விட்டு எடுத்தால் நீர்த்துப்போகும். சளி வந்தால் அது கசிவுத் திரவம் அல்ல. நுரையீரலைக் கழுவி எடுத்த திரவத்தில் எவ்வளவு நீர்த்தது என்பதை யூரியாவை வைத்துத் திருத்தினால்தான் பொருள் வரும். பல மணி நேரம் தாமதித்தால் இதய நோயாளியிடமும் விகிதம் 0.65-ஐத் தாண்டலாம், ஏன் என்பது அடுத்த பதிலில். பெரும்பாலான இடங்களில் இந்தச் சோதனை ஆராய்ச்சிக்கே பயன்படுகிறது. படுக்கையருகே இதய எக்கோவும் நோய் வந்த விதமும்தான் முடிவுக்கு உதவுகின்றன.

“நாலு மணி நேரம் கழிச்சு எடுத்ததுல புரதம் இன்னும் கூடியிருக்கு. கசிவு அதிகமாயிடுச்சா?”

பெரும்பாலும் அது நல்ல செய்தி. காற்றறைச் செல்கள் பம்புபோல சோடியத்தை உள்ளிழுக்கின்றன, தண்ணீர் அதன் பின்னால் போகிறது, புரதம் அங்கேயே நிற்கிறது. குழம்பைக் கொதிக்கவிட்டால் நீர் வற்றிக் கெட்டியாவதுபோல, மிஞ்சிய திரவத்தில் புரத அடர்த்தி ஏறுகிறது. முதல் அளவை இரண்டாம் அளவால் வகுத்து, 1-இலிருந்து கழியுங்கள். 4 கிராம் 5 ஆனால், நான்கு மணி நேரத்தில் 20 சதவீதத் திரவம் போயிருக்கிறது. மணிக்கு 5 சதவீதம்.

2001-இல் வேர், மாத்தே இருவரும் 79 நோயாளிகளிடம் இதை அளந்தார்கள். பாதிக்கு மேற்பட்டோருக்கு வேகம் மணிக்கு 3 சதவீதத்துக்கும் கீழே. 14 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தவர்கள் சிலரே. அவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பிழைத்தார்கள். அடர்த்தி அப்படியே நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

“அப்போ அந்தப் பம்பை முடுக்கிவிட சல்பியூட்டமால் போடலாமே? குறைமாசக் குழந்தைக்குப் போடற சர்ஃபாக்டன்டையும் பெரியவங்களுக்குக் கொடுக்கலாமே?”

இரண்டுமே அறிவுக்குப் பொருந்திய யோசனைகள்தாம், முயன்றும் பார்த்தார்கள். பிரிட்டனில், ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் மருந்தான சல்பியூட்டமாலை நரம்பு வழியாகக் கொடுத்த ஆய்வில் 34 சதவீதம் பேர் இறந்தார்கள், கொடுக்காதவர்களில் 23 சதவீதம். அதனால் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். முடிவு 2012-இல் வெளியானது. சுவாசத்தில் கொடுத்துப் பார்த்ததிலும் பலன் இல்லை.

குறைமாதக் குழந்தையிடம் சர்ஃபாக்டன்ட் இன்னும் உருவாகவில்லை, அதனால் ஊற்றினால் வேலை செய்கிறது. பெரியவரிடம் ஊற்றியதை, முன்பு சொன்னபடி, உள்ளே கிடக்கும் புரதமே மறுபடி ஒதுக்கிவிடுகிறது. பெரிய ஆய்வுகளில் உயிரிழப்பு குறையவில்லை.

“ஸ்டீராய்டு?”

காரணத்தையும் நேரத்தையும் பொறுத்தது. கோவிட்டில் நாளுக்கு 6 மி.கி. டெக்ஸாமெதசோன், 10 நாள் வரை கொடுத்ததில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு 41.4-இலிருந்து 29.3 சதவீதமாகக் குறைந்தது. இது 2020-இன் ரெகவரி ஆய்வு. ஆனால் ஏ.ஆர்.டி.எஸ். வந்து 14 நாளுக்குப் பிறகு ஸ்டீராய்டு தொடங்கியவர்களிடம் இறப்பு கூடியதாக 2006-இன் அமெரிக்க ஆய்வு காட்டியது.

“புரோட்டினோசிஸ் நோய்க்கு நுரையீரலையே கழுவறாங்களாம். இதுக்கு ஏன் கழுவறதில்ல?”

பெயரில் புரதம் இருப்பதால் வரும் குழப்பம். அந்த நோயில் சுவர் நன்றாகவே இருக்கிறது. பழைய சர்ஃபாக்டன்டை அப்புறப்படுத்த வேண்டிய செல்கள் வேலை செய்யாததால் அது மாதக்கணக்கில் தேங்குகிறது. மயக்கம் கொடுத்து, ஒரு நுரையீரலுக்குக் காற்று கொடுத்தபடி மற்றதை வெதுவெதுப்பான சலைனால் கழுவுகிறார்கள். 20 லிட்டரைத் தாண்டுவதும் உண்டு. ஏ.ஆர்.டி.எஸ். நோயாளி ஒரு நுரையீரலை அப்படி இழந்து தாங்கமாட்டார். கழுவினாலும் ஒழுகும் சுவர் உடனே மறுபடி நிரப்பிவிடும், சுவரோடு ஒட்டிய ஹயலின் படலமும் கழுவலில் வராது.

“பத்து நாளாச்சு, எக்ஸ்ரே இன்னும் வெள்ளையாவே இருக்கு. சரியாகறாரா இல்லையா?”

எக்ஸ்ரே எப்போதும் பின்தங்கித்தான் வரும். கரைந்த ஆல்புமின் செல்களின் ஊடாகவும் இடுக்குகள் வழியாகவும் மெல்ல ரத்தத்துக்குத் திரும்புகிறது. உறைந்ததைத் துப்புரவுச் செல்கள் துண்டுதுண்டாகத் தின்று அகற்ற வேண்டும். இரண்டாம் வகைச் செல்கள் பெருகி உரிந்த சுவரை மூடுகின்றன. சிலருக்கு இந்தக் கட்டத்தில் தழும்பு விழுந்து நுரையீரல் இறுகிவிடுவதும் உண்டு.

படத்தைவிட, தினமும் மூன்று எண்களைக் கேளுங்கள்: ஆக்சிஜன் எத்தனை சதவீதம், பீப் எவ்வளவு, பி/எஃப் விகிதம் எவ்வளவு. முதல் இரண்டும் இறங்க, மூன்றாவது ஏறினால், படம் வெள்ளையாக இருந்தாலும் நுரையீரல் மீள்கிறது. பிழைத்தவர்களில் பலருக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் நுரையீரலின் கொள்ளளவு இயல்பை நெருங்குகிறது. அதைவிட வெகுகாலம் நீடிப்பது தசை பலவீனமும் மனச்சோர்வும்தான். வீட்டுக்கு வந்தபின் மாடிப்படி ஏற முடியவில்லை என்றால் நுரையீரலை மட்டும் பரிசோதித்து நிறுத்திவிடாமல், இயன்முறை (பிசியோதெரபி) மருத்துவரிடமும் மனநல மருத்துவரிடமும் காட்டுங்கள்.